இழுக்கும் விமானம் ஓய்ந்தால்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே உச்சிப்பொழுதில் பருந்துகள் சிறகசையாமல் வட்டமிடுவதைக் கண்ட வாசகர் ஒருவர், எஞ்சின் இல்லாத கிளைடரும் அப்படித்தானே பறக்கிறது, அதைக் கயிறு கட்டி உயரே கொண்டு செல்லும் விமானத்தின் எஞ்சின் வழியில் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நம் தேசத்திலேயே அத்தகைய சோதனை நேர்ந்ததுண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் 5ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் படையைப் பர்மாக் காட்டுக்குள் இறக்குவதற்காக அசாமின் லாலாகாட் மைதானத்திலிருந்து கிளம்பிய டகோட்டா விமானங்கள், அளவுக்கு மிஞ்சிய பாரமேற்றிய கிளைடர்களை இரண்டிரண்டாக இழுத்துக்கொண்டு மலைத்தொடரைத் தாண்ட முயன்றபோது, எஞ்சின்கள் கொதித்தன. நைலான் கயிறுகள் அறுந்தன. பல கிளைடர்கள் வழியிலேயே இருளில் இறங்கின.

இத்தகைய கோளாறு நடுவானில் நேர்ந்தால் இறங்க இடம் தேடிக்கொள்ள உயரமாவது உண்டு. கிளம்பிய மாத்திரத்தில் நேர்வதே பேராபத்து. இழுக்கும் விமானி தம் சிறகுகளை இருபுறமும் ஆட்டினால் உடனே கழற்றிக்கொள் என்பது பொருள். கிளைடர் விமானி மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றை விடுவித்து, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். அதற்கும் அவகாசமில்லையெனில் இழுக்கும் விமானியே கயிற்றை உதறிவிடுவார். அந்தக் கணத்தில் மனம் நாடுவது புறப்பட்ட ஓடுபாதையை; உயிருக்கு உலை வைப்பதும் அந்தத் தாழ்ந்த உயரத்துத் திரும்பலே.

என்னை நெடுநாளாக ஆட்கொண்ட விசித்திரம் இதில் உண்டு. விமானங்கள் எதிர்காற்றில்தான் கிளம்புகின்றன. காற்று மணிக்கு 10 மைல், கிளைடர் 50 மைல் என்றால், நிலம் 40 மைல் வேகத்தில் நகர்வதாகத் தோன்றும். திரும்பியதும் காற்று முதுகுப்புறமாகிவிட, அதே நிலம் 60 மைல் வேகத்தில் ஓடும். மரங்கள் விரைந்தோடுவதைக் கண்டு, வேகம் மிகுந்துவிட்டதாக மயங்கி விமானி மூக்கை உயர்த்த, சிறகைத் தாங்கும் காற்றோட்டம் குலைந்து, திருப்பத்தின் உட்புறச் சிறகு முதலில் சரிய, கிளைடர் சுழன்று வீழ்கிறது. வேகமானியை விட்டுக் கண்ணை நம்பியதன் பலன் அது.

ஆகையால் நற்பயிற்சி பெற்றவர்கள், எந்த உயரத்துக்குக் கீழே நேராக இறங்குவது, எதற்கு மேலே திரும்புவது என்பதைக் காற்றையும் நிலத்தையும் பார்த்துக் கிளம்புமுன்பே நிச்சயித்துக்கொண்டு, ஏறும்போது அந்த உயரம் வந்ததும் “இருநூறு அடி” என்று வாய்விட்டு உரைக்கிறார்கள்.

திண்டுக்கல் சீமைத் தோட்டங்களில் கிணற்றிலிருந்து கவலை இறைத்த காலத்தில், மாடு பூட்டுமுன் வடத்தைத் தடவி, புரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பது குடியானவரின் நித்திய வழக்கம். இன்றோ யந்திரத்தை வாங்குவதில் காட்டும் சிரத்தையை, அதன் கயிற்றையும் கொக்கியையும் பரிசோதிப்பதிலும், அது நின்றுவிடும் வேளைக்காகப் பழகிக்கொள்வதிலும் நாம் காட்டுவதில்லை. கேட்டை முன்கூட்டி எண்ணுவதே அபசகுனம் என்னும் மனப்பான்மை நம்மை விட்டு அகல வேண்டும். ஆபத்து வந்தபின் யோசிக்க விமானிக்குக் கிடைப்பவை சில விநாடிகள்; தரையில் நின்று யோசிக்கவோ தடையேதும் இல்லை.