‘நல்ல சுருட்டு’ என்பது எது?

“நாங்கள் சிகரெட்டைத் தொடுவதில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு சுருட்டு, அவ்வளவுதான். அதிலும் புகையை உள்ளே இழுப்பதில்லை.” பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் எங்கும் வயதான அத்தாமார்களும் நன்னாமார்களும் சொல்லும் வழக்கமான சமாதானம் இது. சிகரெட் பெட்டியோடு பிடிபடும் இளைஞனைக் கண்டிக்கிற அதே வீட்டில், திண்ணையில் எரியும் சுருட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் சரி என்பதை நாம் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நம் ஊர்ச் சரக்கு

ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல்லே நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். திண்டுக்கல் வட்டாரப் புகையிலையைக் கொண்டு திருச்சி உறையூரில் கையால் சுற்றிய சுருட்டு, ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து விற்றது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சி சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அந்த அளவுக்குப் பெயர் பெற்ற தொழில் அது. சுற்றிய கைகளின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நாம் பேசுவது அந்தப் பொருள் உடலுக்குள் செய்யும் வேலையைப் பற்றி.

பழகியவர்கள் எப்படித் தரம் பார்க்கிறார்கள்?

தினமும் பிடிப்பவர் கடையில் சுருட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். ஒரே சீராக, சற்று மெத்தென்று இருக்க வேண்டும். இடையில் கட்டி தட்டினால் புகை வராது. தொளதொளவென்று இருந்தால் சீக்கிரம் எரிந்து சூடேறும். மேலிலையில் கிழிசல், ஓட்டை இருக்கக் கூடாது. காய்ந்து நொறுங்கவும் கூடாது, ஈரத்தில் பூசணம் பிடித்திருக்கவும் கூடாது. பற்றவைத்தால் சுற்றிலும் ஒரே அளவில் எரிய வேண்டும், அடிக்கடி அணையக் கூடாது, சாம்பல் உடனே உதிராமல் நிற்க வேண்டும். குறைந்த விலையில் இவ்வளவும் அமைந்துவிட்டால் “நல்ல சுருட்டு” என்று பெயர்.

இந்தச் சோதனைகளில் ஒன்றுகூட ஆரோக்கியத்தைச் சோதிப்பதில்லை. சீராக எரிவது சுற்றியவரின் கைப்பக்குவத்தைக் காட்டுகிறது. சாம்பலின் வெண்மை, அந்தச் செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட தாது உப்புகளைப் பொறுத்தது. மணம், இலையைப் பதப்படுத்திய விதத்தைச் சொல்கிறது. மட்டமான சுருட்டானாலும் உயர்ந்த சுருட்டானாலும் எரிவது புகையிலைதான். அதன் புகையில் நிக்கோடின், கார்பன் மோனாக்சைடு, தார், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் எல்லாமே இருக்கின்றன.

‘உள்ளே இழுப்பதில்லை’ என்ற சமாதானம்

இதில் பாதி உண்மை இருக்கிறது. சிகரெட்டின் புகை அமிலத்தன்மை கொண்டது. அதன் நிக்கோடின் நுரையீரலுக்குப் போனால்தான் நன்றாக இரத்தத்தில் கலக்கும். சுருட்டுக்கான இலையைக் காற்றில் உலர்த்திப் புளிக்க வைப்பதால் அதன் புகை காரத்தன்மை பெறுகிறது. காரப் புகையிலுள்ள நிக்கோடினை வாயின் உட்தோலே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உள்ளே இழுக்காமலேயே அடிமைத்தனம் ஏற்பட்டுவிடுகிறது.

இழுக்காதவரின் நுரையீரலுக்கு ஆபத்து குறைவு என்பது சரிதான், ஆனால் அது இல்லாமல் போவதில்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவை புகையிலும் புகை கலந்த எச்சிலிலும் தினமும் ஊறுகின்றன. தினமும் சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு இவ்விடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நம் மாவட்டத்துக்கு வடக்கே, ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரத்தில் பெண்கள் ‘சுட்ட’ எனப்படும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே பதிவு செய்து வருகிறது.

அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அதாவது ஒரு பெட்டி சிகரெட்டின் புகையிலை ஒரே சுருட்டில் அடங்கிவிடக்கூடும். அது நீண்ட நேரம் எரிவதால் பக்கத்தில் விளையாடும் பேரப்பிள்ளைகளும் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். அவர்கள் இழுக்காமல் இருக்க வழியில்லை.

தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளிலும் இரசாயன ஆலைகளிலும் வேலை செய்வோர் ஏற்கெனவே தூசியையும் ஆவியையும் சுவாசிக்கிறார்கள். அந்த நுரையீரல் மேல் புகையிலையும் சேர்ந்தால் பாதிப்பு கூடுகிறது. ஷிப்ட் முடிந்து டீக்கடையில் ஒற்றையாக வாங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் அச்சிடப்படும் எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை.

‘விலை குறைவுதானே’ என்பதையும் கணக்குப் பார்ப்போம். நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 900, ஆண்டுக்கு 10,950 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவில் கணிசமான பங்கு இது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

புகையிலை நம் நாட்டுக்கு வந்தது ஏறத்தாழ ஹிஜ்ரி 1000-ஐ ஒட்டிய காலத்தில். அதனால் ஆரம்பகால ஃபிக்ஹ் நூல்களில் அதன் பெயரே இருக்காது. வந்த பிறகு கருத்து வேறுபாடு எழுந்தது. ஜஹாங்கீர் 1617-இல் தடை விதித்தார், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633-இல் தடை செய்தார். 1731-இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனி அந்நாபுலுஸீ ஆகுமானது என்று நூலே எழுதினார். மக்ரூஹ் என்றவர்களும் ஹராம் என்றவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஆகும் என்றவர்கள் முக்கியமாக எடுத்துவைத்த வாதம், தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்பது. இன்று அந்த அடிப்படையே இல்லை. உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுக்கும் 2:195 வசனத்தையும், வெங்காயம், பூண்டு வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதை வெறுத்த நபிவழியையும், வீண்விரயம் பற்றிய கண்டனத்தையும் சேர்த்துப் பார்த்தால், “மக்ரூஹ்தானே” என்று சொல்லி இலேசாகக் கடந்துபோக முடியாது.

விட முடியுமா?

ரமழானில் சுமார் 13 மணி நேரம் நம் பெரியவர்கள் சுருட்டைத் தொடாமல் இருக்கிறார்கள். முடியும் என்பதற்கு அதுவே சான்று. விட்டபின் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். அந்த நாட்களில் வீட்டார் அவரிடம் கோபப்படாமல் துணை நிற்க வேண்டும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மாறாத குரல் கரகரப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அத்தாவின் சுருட்டைப் பிடுங்கி எறிந்து அவமானப்படுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கள் இன்னும் பல காலம் எங்களோடு இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். அறிவுரைக்கு அசையாதவரும் அன்புக்கு அசைவார். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் மன உறுதியையும் தருவானாக.