பாதிரியாருக்கு ஒரு சிபாரிசு

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நல்ல பெயர் கிடையாது. "பெரிய இடத்துச் சிபாரிசு" என்றால், தகுதியில்லாத ஒருவன் கொல்லைப்புற வழியாக உள்ளே நுழைந்துவிட்டான் என்றே ஊரார் பொருள் கொள்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சர்வகலாசாலை உலகத்தில் சிபாரிசுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு வாலிபர் இன்னும் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் சாதிப்பார் என்று ஓர் அறிஞருக்குத் தோன்றுகிறது. தமது சொந்தப் பெயரைப் பணயம் வைத்து நாலு வரி எழுதிக் கொடுக்கிறார். எழுதியவரின் கணக்குத் தப்பினால் நஷ்டம் அவருக்குத்தான்.

1924-ம் ஆண்டு டிசம்பரில் அப்படி ஒரு கடிதம் இங்கிலாந்திலிருந்து பெல்ஜியத்துக்குச் சென்றது. எழுதியவர் கேம்பிரிட்ஜ் வானசாஸ்திரப் பேராசிரியர் ஆர்தர் எடிங்டன். கடிதம் பெற்றவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கணித மேதை தெயோபில் தெ தோந்தேர். தம்மிடம் ஓராண்டு பயின்ற ஒரு பெல்ஜிய மாணவரைப் பற்றி எடிங்டன் எழுதியிருந்தார். மிகவும் கெட்டிக்காரர், எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர், தெளிந்த பார்வையும் உயர்ந்த கணிதத் திறமையும் உள்ளவர், பெல்ஜியத்தில் ஏதேனும் உத்தியோகத்துக்கு அவர் பெயர் அடிபட்டால் தம்முடைய முழு மனதான ஆதரவு உண்டு. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

அந்த மாணவருக்கு அப்போது வயது 30. பெயர் ஜார்ஜ் லெமேத்தர். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டியும் அணிந்த கத்தோலிக்கப் பாதிரியார்.

பீரங்கியிலிருந்து பூசைக்கு

லெமேத்தர் 1894-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பெல்ஜியத்தில் சார்லெருவா என்ற தொழில் நகரத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே அவருக்கு இரண்டு ஆசைகள்: விஞ்ஞானியாக வேண்டும், குருவாகவும் வேண்டும். முதலில் லூவேன் கத்தோலிக்க சர்வகலாசாலையில் என்ஜினீரிங் படிக்கப் போனார். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. அந்த மாதமே லூவேன் சர்வகலாசாலையின் பழம்பெரும் நூலகம் தீக்கிரையாயிற்று. இருபது வயது மாணவர் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். யுத்தம் முடியும்வரை நாலாண்டு இருந்தார். 1915-ல் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் முதன்முதலாகப் பெரிய அளவில் விஷவாயுவை ஏவியபோது, அந்தக் கோரத்தைக் கண்ணால் கண்டவர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு பீரங்கிப் படையில் இருந்தார். வீரத்துக்காகப் போர்ச் சிலுவைப் பதக்கமும் பெற்றார்.

யுத்தத்திலிருந்து திரும்பியவருக்கு என்ஜினீரிங்கில் மனம் ஒட்டவில்லை. கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் மாறி, 1920-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மாலின் நகரத்துக் குருமடத்திலும் சேர்ந்தார். அங்கே வேத சாஸ்திரத்தோடு கூடவே, ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவத்தைத் தாமாகவே கற்றார் என்பதுதான் விசேஷம். குருமடத்தில் இதற்கென்ன வேலை என்று மேலதிகாரிகள் கேட்டிருக்கலாம். கர்தினால் மெர்சியே கேட்கவில்லை, உற்சாகப்படுத்தினார். 1923 செப்டம்பரில் குருப்பட்டம் கொடுத்ததும் அவரே. குருப்பட்டம் பெற்ற கையோடு, உபகாரச் சம்பளத்தில் லெமேத்தர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார்.

குவேக்கரும் கத்தோலிக்கரும்

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் யார் தெரியுமா? 1919-ல் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபி தீவில் சூரிய கிரகணத்தைப் படமெடுத்து, நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறது என்று காட்டி, ஐன்ஸ்டீன் புகழ் உலகமெங்கும் பரவக் காரணமாயிருந்த அதே எடிங்டன். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். எந்த யுத்தத்திலும் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அந்தச் சபையாரின் விரதம். எடிங்டனும் அந்தக் காரணம் சொல்லியே பட்டாளத்துக்குப் போக மறுத்தவர். மாணவரோ நாலு வருஷம் போர்முனையில் கிடந்து பதக்கம் வாங்கியவர். அத்துடன் ரோமாபுரித் திருச்சபையின் குரு. இருவருக்கும் ஒத்துப்போவதற்குக் கணிதத்தைத் தவிர வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கணிதமே போதுமானதாக இருந்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து லெமேத்தர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு வானோக்கு நிலையத்தில் ஷாப்லியிடம் வேலை செய்தார். எடிங்டன் கடிதம் எழுதியது அப்போதுதான். ஆள் இல்லாத இடத்தில் அவருக்காக ஒருவர் பேச வேண்டியிருந்தது. லூவேனில் அவருடைய பழைய ஆசிரியர் தெ லா வல்லே பூசானும் பக்கபலமாக நின்றார். 1925-ல் லெமேத்தர் லூவேனில் பகுதிநேர விரிவுரையாளர் ஆனார். 1927-ல் முழுப் பேராசிரியர். அது கத்தோலிக்க சர்வகலாசாலை என்பதால், அங்கே கறுப்பு அங்கி தடையாயிராது என்பது உண்மை. ஆனால் அங்கியை வைத்து அந்த வேலை கிடைக்கவில்லை. ஒரு குவேக்கரின் சாட்சியும் அதற்கு உதவிற்று.

சிபாரிசு செய்தவரே படிக்கவில்லை

வேலை கிடைத்த இரண்டாம் வருஷமே பாதிரியார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 1927-ல் பிரஸ்ஸல்ஸ் விஞ்ஞான சங்கத்தின் பத்திரிகையில் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரபஞ்சம் அசையாமல் நிற்கவில்லை. விரிந்துகொண்டே போகிறது என்பது அதன் முடிவு. ஆட்டிவைத்த தோசை மாவு ராத்திரியில் பொங்கும்போது, அதில் கிடக்கும் மிளகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் அல்லவா? மிளகு நகரவில்லை, மாவுதான் உப்புகிறது. அதுபோல நட்சத்திர மண்டலங்களுக்கு நடுவேயுள்ள வெளியே விரிகிறது. எவ்வளவுக்கெவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கவ்வளவு வேகமாக அவை விலகுகின்றன.

இதை வெறும் சூத்திரமாக அவர் விட்டுவிடவில்லை. வானோக்கு நிபுணர்கள் அளந்து வைத்திருந்த 42 மண்டலங்களின் வேகங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள மண்டலம் விநாடிக்கு 625 கிலோமீட்டர் வேகத்தில் விலகும் என்று விடை வந்தது. தூரத்தை அளப்பதில் அன்றிருந்த பிழைகளால் இந்த எண் மிகைப்பட்டது. இன்றைய அளவுப்படி அது 70-ஐ ஒட்டியது. ஆனால் போட்ட கணக்கின் வழி சரி. அமெரிக்காவில் எட்வின் ஹபிள் தம்முடைய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1929-ல்தான்.

உலகம் இதைக் கவனித்ததா? இல்லை. 1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மகாநாட்டுக்கு வந்திருந்த ஐன்ஸ்டீனை லெமேத்தர் சந்தித்தார். ஐன்ஸ்டீன் கட்டுரையைப் படித்திருந்தார். கணக்கில் குற்றமில்லை, ஆனால் பௌதிகம் சகிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரஷ்யாவில் பிரீட்மன் என்பவர் 1922-லேயே இதுபோன்ற சமன்பாடுகளைக் கண்டார் என்ற செய்தியையும் ஐன்ஸ்டீன் சொல்லித்தான் லெமேத்தர் தெரிந்துகொண்டார்.

அது போகட்டும். சிபாரிசு எழுதிய எடிங்டன்? மாணவர் தம் கட்டுரையின் பிரதியை அவருக்கு அனுப்பித்தான் இருந்தார். குருநாதர் அதைக் கவனிக்கவேயில்லை! 1930 தொடக்கத்தில் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கக் கூட்டத்தில், அசையாத பிரபஞ்சம் சரிப்பட்டு வரவில்லையே என்று எடிங்டனும் மற்றவர்களும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். அந்த விவாதம் அச்சில் வந்ததைப் பார்த்த லெமேத்தர், இதற்கு விடை மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதியாயிற்றே என்று பணிவாக நினைவூட்டினார். எடிங்டனின் கீழ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மெக்விட்டி, அந்தக் கடிதத்தைத் தம்மிடம் காட்டியபோது பேராசிரியரின் முகத்தில் சற்று வெட்கம் தெரிந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

வெட்கத்தை எடிங்டன் நல்ல வழியில் தீர்த்துக்கொண்டார். கட்டுரையை மற்ற வானசாஸ்திரிகளின் கண்ணில் பட வைத்தார்; 'நேச்சர்' பத்திரிகையிலும் அதைப் பற்றி எழுதினார். 1931-ல் லண்டன் சங்கத்தின் பத்திரிகையிலேயே அதன் ஆங்கில வடிவம் வந்தது. இந்த இரண்டாவது சிபாரிசுதான் லெமேத்தரை உலகறிய வைத்தது. ஆங்கில வடிவத்தில் அந்த 625 கணக்கு மட்டும் விடுபட்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று பிற்காலத்தில் சந்தேகம் கிளம்பியது. பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்து, 2011-ல் மரியோ லிவியோ உண்மையை வெளியிட்டார். மொழிபெயர்த்தவர் லெமேத்தரேதான், இனி அந்தப் பகுதியால் பிரயோசனமில்லை என்று நீக்கியவரும் அவரேதான். தமக்குத் தாமே சிபாரிசு செய்துகொள்ளும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

எடிங்டனின் பேனாவுக்குக் கதவைத் திறக்கும் சக்தி இருந்தது போல, அவருடைய நாக்குக்கு அடைக்கும் சக்தியும் இருந்தது. இதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் நன்றாக அறிவார். 1935 ஜனவரியில் அதே சங்கத்தில் இளம் சந்திரசேகர், முதிர்ந்த நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய தம் கண்டுபிடிப்பைச் சொல்லி முடித்ததும், எடிங்டன் எழுந்து சபை சிரிக்கும்படி அதைப் பரிகாசம் செய்தார். சந்திரசேகர் சொன்னதே சரி. 1983-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்படியிருந்தும் எடிங்டனின் நூற்றாண்டு விழாவில், தம் காலத்தின் தலைசிறந்த வானபௌதிக விஞ்ஞானி அவரே என்று பேசியவர் இந்தச் சந்திரசேகர்தான்.

வேண்டாத சிபாரிசு

1931 மே மாதம் லெமேத்தர் இன்னும் ஒரு படி போனார். விரிகிற பிரபஞ்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், ஒரு காலத்தில் எல்லாம் ஒரே பொட்டலமாக இருந்திருக்க வேண்டும். அந்த 'ஆதி அணு' சிதறித்தான் இத்தனையும் உண்டாயிற்று என்றார். பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் என்ற பேச்சே எடிங்டனுக்குப் பிடிக்கவில்லை. ஐன்ஸ்டீனுக்கோ அதில் சிருஷ்டி வாடை அடித்தது. பாதிரியார் பைபிளைத்தான் சமன்பாட்டில் எழுதுகிறாரோ என்று நினைத்தவர்களும் உண்டு. 1949-ல் ஃபிரெட் ஹாயில் பி.பி.சி. வானொலியில் 'பிக் பாங்' என்று சூட்டிய பெயர்தான் கடைசியில் நிலைத்தது.

இங்கேதான் லெமேத்தரின் பெருமை தெரிகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்கிறவர் அவர். ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்தால் கணிதம் மட்டும்தான். 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர், போப்பாண்டவர் என்ற முறையில் நிகழ்த்திய உரையொன்றில், ஒளி உண்டாகுக என்ற ஆதி வாக்குக்குத் தற்கால விஞ்ஞானமே சாட்சி சொல்கிறது என்ற கருத்தில் பேசினார். வேறொருவராயிருந்தால் இதைவிடப் பெரிய சிபாரிசு ஏது என்று துள்ளிக் குதித்திருப்பார். லெமேத்தர் சங்கடப்பட்டார். தமது கொள்கை மதத்துக்கு வெளியே நிற்பது. நாளைக்கு அது பொய்த்தால் வேதத்தையும் அதோடு சேர்த்து இழுப்பார்களே! வத்திக்கான் வானோக்கு நிலையத் தலைவராயிருந்த ஓகானல் பாதிரியாரிடம் தம் கவலையைச் சொன்னார். 1952 செப்டம்பரில் ரோமாபுரியில் கூடிய வானசாஸ்திரிகளிடையே போப்பாண்டவர் பேசியபோது, அந்த விஷயம் உரையில் இடம் பெறவில்லை.

லூவேன் உத்தியோகத்தில் அவர் 1964 வரை இருந்தார். கணக்கிடும் யந்திரங்கள் என்றால் அவருக்குக் குழந்தை போல் ஆசை. 1958-ல் பரோஸ் கம்பெனியின் மின்னணுக் கணிப்பொறி ஒன்றை சர்வகலாசாலைக்கு வரவழைத்தார். 1934-ல் பெல்ஜியத்தின் உயர்ந்த விருதான ஃபிராங்கி பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்கு அவர் பெயரை முன்மொழிந்தவர்களில் ஒருவர், அவருடைய பௌதிகம் சகிக்கவில்லை என்று சொன்ன ஐன்ஸ்டீன்.

1964-ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரு மெல்லிய வானொலி இரைச்சல் வருவதைக் கண்டார்கள். ஆதிக் காலத்து வெப்பத்தின் மிச்சம் அது. 1965-ல் செய்தி அச்சேறியது. லெமேத்தர் அப்போது நோயாளி. அவருடைய உதவியாளராயிருந்த ஓதோன் கோதார் அந்தச் செய்தியை அவரிடம் சேர்ப்பித்தார். 1966 ஜூன் 20-ந் தேதி லெமேத்தர் காலமானார்.

2018-ல் உலக வானசாஸ்திர சங்கம் தன் அங்கத்தினர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியது. பதிவான ஓட்டுகளில் 78 சதவீதம் ஆதரவாக விழுந்தது. அதுவரை 'ஹபிள் விதி' என்று பாடப் புத்தகங்களில் இருந்ததை இனி 'ஹபிள்-லெமேத்தர் விதி' என்று வழங்கலாம் என்பது தீர்மானம். அது கட்டளையல்ல, சங்கத்தின் சிபாரிசு.