மூன்று சக்கர வண்டி: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை



சரக்கு ஏற்றிப் போக என்ன வண்டி வாங்கலாம் என்று என் கடைக்கு வரும் சில்லறை வியாபாரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். சிலர் பழைய ஸ்கூட்டருக்கு சைடு கார் பூட்டலாமா என்கிறார்கள். சிலர் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை வெட்டி, இரண்டு சக்கரமும் ஒரு தட்டும் வைத்துக் குறைந்த செலவில் முடித்துத் தரப் பட்டறைக்காரர் சம்மதித்துவிட்டார் என்கிறார்கள். மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். இந்த வண்டிகளால் லாபமும் கண்டேன், அடியும் பட்டேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

மூன்று சக்கர வண்டி சிறு வியாபாரிக்கென்றே பிறந்தது எனலாம். இரண்டாம் உலகப் போரில் நொடிந்துபோன இத்தாலியில், பியாஜியோ கம்பெனி 1948ல் தன் வெஸ்பா ஸ்கூட்டரை ஒட்டி 'ஆப்பே' என்ற சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. ஆப்பே என்றால் அந்த மொழியில் தேனீ. பெயருக்கேற்ற சுறுசுறுப்பான வண்டி. நம் நாட்டில் 1958ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மன் டெம்போ மாதிரியில் மூன்று சக்கர வண்டி செய்தது. நாம் இன்றும் 'டெம்போ' என்று சொல்வது அந்தக் கம்பெனியின் பெயரைத்தான்.

இதன் நன்மைகளை மறுக்க முடியாது. லாரி நுழையாத சந்தில் நுழையும். குறுகிய இடத்தில் திரும்பும். கடை வாசலில் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரருக்கு இடைஞ்சல் இல்லை. ஸ்டாண்டு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரே ஆள் மூட்டையை ஏற்றலாம், இறக்கலாம். நான்கு சக்கர வண்டியைவிட விலை குறைவு, டயர் செலவும் குறைவு.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நிற்கும்போது விழாத வண்டி, ஓடும்போதும் விழாது என்று அர்த்தமில்லை. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன்.

1986ல் என்னிடம் சைடு கார் பூட்டிய ஸ்கூட்டர் இருந்தது. இருக்கையைக் கழற்றிவிட்டுப் பலகைப் பெட்டி வைத்திருந்தேன். என் கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போனார். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்பி வரும்போதுதான் விபத்து. இடதுபக்கத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியிருக்கிறார். பெட்டிச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. வண்டி திரும்பாமல் வலதுபக்கம் விலகி, எதிரே வந்த மாட்டுவண்டியில் மோதியது. கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார்.

பாரம் ஏற்றிய வண்டி கவிழும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். சைடு காரில் காலிப் பெட்டிதான் அதிக ஆபத்து. இரு சக்கர வண்டியைத் திருப்பத்தில் சாய்த்து ஓட்டுகிறோம். சைடு கார் பூட்டினால் சாய்க்க முடியாது. பெட்டி இடதுபக்கம் இருப்பதால், இடதுபக்கம் திரும்பும்போது பாரம் வலதுபக்கம் தள்ளும். கனமில்லாத பெட்டி மேலே எழும்பும். முறுக்கினால் வண்டி இடதுபக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலதுபக்கம் ஒதுங்கும். நன்றாக ஸ்கூட்டர் ஓட்டுபவரும் இதைப் புதிதாகப் பழக வேண்டும். அதன் பிறகு, காலியாக வரும்போது பெட்டியில் ஒரு மணல் மூட்டையாவது இருக்க வேண்டும் என்று கடையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சரக்கு ஆட்டோவுக்கு வேறு குணம். முன்னால் ஒரே சக்கரம். திருப்பத்தில் பிரேக் போட்டால் பாரம் முன்னால் தள்ளி, ஆதரவில்லாத முன்மூலைப் பக்கம் கவிழப் பார்க்கும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். மூட்டைகளைப் பின்பக்கம் வெளியே தள்ளி அடுக்கினாலோ முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடிக்குக் கட்டுப்படாது. சாலையில் ஒரு குழியை நான்கு சக்கர வண்டி இடையில் விட்டுத் தாண்டிவிடும். இதில் நடுச்சக்கரம் அதில் இறங்கியே தீரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1986 விபத்தில் எனக்கு இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. பெட்டி ஆர்.சி. புத்தகத்தில் ஏறவில்லை, சொந்த உபயோக வண்டியில் வியாபாரச் சரக்கு என்று இரண்டு காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் செலவையும் நான்கு மாதச் சம்பளத்தையும் நான் கொடுத்தேன். பணம் திரும்ப வந்துவிட்டது. அந்தத் தம்பி இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி செய்த அமைப்பை உரிமையாளர் தன் இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பட்டறையில் வெட்டி ஒட்டிய வண்டிக்கு, மிச்சமான பணம் ஒரே விபத்தில் போய்விடும்.

ஆகவே வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. தினமும் ஓரிரு டின், சில பைகள் மட்டும் என்றால் இரு சக்கர வண்டியே போதும். தினமும் மூட்டைக் கணக்கில் போகிறது, சந்து குறுகல் என்றால் கம்பெனி செய்த சரக்கு ஆட்டோ வாங்கலாம். நெடுஞ்சாலையில் வெளியூர் போக வேண்டுமென்றால் நான்கு சக்கரச் சிறு வண்டியே நல்லது.

2. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். ஓட்டுபவரையும் சேர்த்து அதுதான் உங்கள் அளவு. 500 கிலோ என்றால், ஆள் எடை போக 50 கிலோ சர்க்கரை மூட்டை எட்டோடு நிறுத்துங்கள்.

3. கனமான மூட்டை அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். அப்பளம், வற்றல் போன்றவை மேலே போகட்டும். கயிறு கட்டாமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

4. சரக்கு வண்டியாகப் பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுபவரின் லைசென்ஸ் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். இரு சக்கர லைசென்ஸ் மட்டும் உள்ளவரிடம் சரக்கு ஆட்டோ சாவியைக் கொடுக்காதீர்கள்.

வண்டியை நாம் வாங்குகிறோம். பெரும்பாலும் ஓட்டுவது நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் வீட்டாரும் மாலையில் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். விலை விசாரிக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.