உங்களுக்குத் தெரியுமா? சுடுவது துப்பாக்கி இல்லை, டிவி!

திரையில் பறக்கும் வாத்துகளைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடும் நின்டெண்டோவின் ‘டக் ஹன்ட்’ (1984) வீடியோ விளையாட்டில், துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. ஒளி டிவியிலிருந்துதான் துப்பாக்கிக்குள் வருகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும். எரியும் பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாது. அங்கே இருட்டு வராதே! இரண்டு வாத்துகள் பறந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். வெளிச்சம் எப்போது வந்தது என்பதை வைத்து எந்த வாத்து அடிபட்டது என்று விளையாட்டுக் கருவியான கன்சோல் கண்டுபிடிக்கும்.

இந்தத் துப்பாக்கி இன்றைய எல்சிடி டிவியில் வேலை செய்யாது. பழைய பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வந்த உடனே கோடு கோடாகப் படத்தை வரைந்துவிடும். எல்சிடி சற்றுத் தாமதித்தே காட்டும். துப்பாக்கி தேடும் நேரத்தில் கட்டம் திரையில் இருக்காது. ஆகவே இந்த விளையாட்டைக் காக்க, அது பதிந்திருக்கும் கேட்ரிட்ஜையும் கன்சோலையும் மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. கன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் மவுஸை வைத்துச் சுடலாமே என்று சிலர் கேட்கலாம். சுடலாம். விளையாட்டின் புரோகிராமும் படங்களும் அழியாமல் காக்க அது பெரிய உதவி. ஆனால் டிவியைக் குறிபார்த்துச் சுடும் அந்த அனுபவம் பழைய பிக்சர் டியூப் திரையும் துப்பாக்கியும் சேர்ந்தால்தான் கிடைக்கும். பழைய விளையாட்டுகளைச் சேகரிப்பவர்கள் அந்த டப்பா டிவியையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.