பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு ஒரு கணக்குப் பாடம்

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். உயர்தரப் பரீட்சையிற் கணித பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்றுப் பொறியியற் பீடம் புகுந்தவன். நெடுநேரம் தயங்கியிருந்து, "சேர், அம்மா கழற்றித் தந்த சங்கிலி அடகிற் கிடக்கிறது, அவவுக்கு இன்னும் சொல்லவில்லை" என்றான்.

கைத்தொலைபேசி வழியே எளிதிற் பெற்ற கடன் ஒன்றே காரணம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்பது அவனுக்குச் சிறிதாகத் தோன்றியதாம். இருவரும் தாளெடுத்துக் கணக்கிட்டோம். மாதந்தோறும் வட்டி முதலோடு சேருமாயின், 10,000 ரூபாக் கடன் ஓராண்டில் 31,384 ரூபாவாகின்றது! கூட்டுவட்டிச் சூத்திரத்தை அவனுக்குக் கற்பித்தவன் நானே. வினாத்தாளிற் கண்டபோது விடை எழுதியவன், வாழ்க்கையிற் கண்டபோது அதனை இனங்காணவில்லை. குறை அவனுடையது மட்டுமன்று.

"படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக் கஷ்டம் தெரியக்கூடாது" என்பது நம் வழக்கம். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. அந்நாளில் எதைக் குறைத்து அடுப்பெரித்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோமா? சொல்லாமல் வளர்த்த பிள்ளை, விடுதியிலேதான் முதன்முதலாக ஒரு மாதப் பணத்தைத் தன் கையால் ஆளுகின்றது.

மகாபொல உதவி, 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிதியத்திலிருந்து வருவது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதன் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. ஆயினும் புதுமுக மாணவர்க்கு முதற் கொடுப்பனவு வந்துசேரச் சில மாதங்கள் செல்வதுண்டு. கடன் நுழைவது அந்த இடைவெளியிலேதான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையை வழியனுப்புமுன் ஒரு மாலை அருகிருத்தி வீட்டு வரவு செலவை ஒளியாமற் காட்டுங்கள். முதல் மூன்று மாதச் செலவுக்கு வழி என்னவென்று சேர்ந்தே தீர்மானியுங்கள்.

மாணவர்களே, பணம் வந்த அன்றே உணவு, உறைவிடம், பஸ் கட்டணம் ஆகியவற்றை ஒதுக்கி, எஞ்சியதை நான்கு வாரத்துக்குப் பங்கிடுங்கள். அன்றாடச் செலவை ஒரு கொப்பியிற் குறியுங்கள். கடன் தருவோனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு திருப்பித் தரவேண்டும்? எந்நாளில்? தவறினால் என்னாகும்? தெளிவான விடை இல்லையேல் அக்கடன் வேண்டா.

அன்று என் மாணவன் கடைக்குப் போய் ஒரு கொப்பி வாங்கினான். முதல் வரியில், "அம்மாவின் சங்கிலி" என்று எழுதினான். பின்னர் எழுந்து, அம்மாவிடம் சொல்ல வீட்டுக்குப் போனான்.