சுவருக்குக் காது முளைத்தால்



‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே’ என்பது நம் முதுமொழி. அயலார் காதுக்கு அஞ்சிச் சொன்ன எச்சரிக்கை அது. அவ்வச்சத்தையே ஓர் அரசாங்கம் ஆட்சிக் கருவியாகக் கொண்டால் மக்கள் வாழ்வு என்னவாகும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே, ஜோர்ஜ் ஓர்வெல் எழுதி 1949ஆம் ஆண்டில் வெளிவந்த ‘1984’ என்னும் நாவல்.

ஓர்வெல் 1903இல் பீகாரிலுள்ள மோதிஹாரியிற் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆதலின், அடக்கியாளும் அதிகாரத்தை உள்ளிருந்தே அறிந்தவர்.

நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் வீட்டுச் சுவரிலே ஒரு திரை உண்டு. அது காட்சி காட்டும், அவனையும் நோக்கிக்கொண்டிருக்கும். அதன் பார்வை படாத மூலையில் அமர்ந்து அவன் நாட்குறிப்பு எழுதுகிறான். அதுவே அவனது முதற் கலகம். அரசோ அகராதியைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. சொல் இல்லையேல் அதற்குரிய எண்ணமும் எழாது என்பது அதன் கணக்கு.

இஃது எங்கோ நிகழும் கற்பனை என்று நிந்தவூர் நேயர் தள்ளிவிட இயலாது. 2019 ஏப்ரல் 26ஆம் நாள் அண்டையூராகிய சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தபின், இக்கரையோர ஊர்கள் ஊரடங்கையும் தேடுதல்களையும் கண்டன. கொலைஞரைத் தேடுவது அரசின் கடமை, அதனை மறுப்பாரில்லை. ஆயின், ஐயம் கவிதைக்குள்ளும் புகுந்தது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே மாதம் கைதானார். அவரது ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதைநூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. அந்நூலிலோ வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் உள்ளன. ஏறத்தாழ 19 மாதங்கள் காவலிலிருந்து, 2021 டிசம்பரிற் பிணை பெற்றார். 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஒன்பது சுவைகளைப் பெயரிற் கொண்ட நூலிலே ஐயம் ஒரு சுவையை மட்டுமே கண்டது. சொல்லை ஒழிப்பதும், சொல்லுக்கு அதிகாரி விரும்பும் பொருள் ஒன்றையே விட்டுவைப்பதும் விளைவில் ஒன்றே. எழுதுவோன் தன் பேனாவைத் தானே காவல் செய்யத் தொடங்குகிறான். அதன்பின் சுவரிலே திரை வேண்டுவதில்லை.

நீதிமன்றம் திறந்திருந்தமையால் அக்கவிஞர் மீண்டார். வின்ஸ்டனுக்கு அவ்வாயில் இல்லை. அவ்வாயிலைக் காப்பது சட்டமறிந்தோர் கடன். ஒரு நூலைப் பழிக்குமுன் அதனை முழுமையாகப் படிப்பது நம் ஒவ்வொருவர் கடன்.