பயாஸ் அப்டேட்: பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி

போன ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி, திருத்தணியில எங்க சித்தப்பாவோட ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரை நான் சாகடிச்சேன். காவடிக் கூட்டம் ஊருக்குள்ள வர ஆரம்பிச்ச நேரம். நகரி, புத்தூர் பக்கத்துல இருந்து வர்றவங்க தெலுங்குல ஆதார் பிரிண்ட் கேட்டு நிக்கிற கடை அது. மூணு நாள் அங்க ஒரு பிரிண்ட் கூட வரல. சித்தப்பா திட்டவே இல்ல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

நடந்தது இதுதான். பழைய ரைசன் 2200ஜி-யைக் கழட்டிட்டு 5600ஜி மாட்டினேன். ரெண்டும் ஏஎம்4 சாக்கெட், பின் எல்லாம் கச்சிதமா உக்காந்துச்சு. ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு. போர்டு பி450, 2018-ல வந்த சிப்செட். 5000 சீரிஸ் வந்ததே 2020 கடைசியில. அப்போ அந்த போர்டோட பயாஸுக்கு இந்த ப்ராசஸர் யாருன்னே தெரியாது. பயாஸை முதல்ல அப்டேட் பண்ணிட்டுத்தான் ப்ராசஸரை மாத்தணும். நான் தலைகீழா பண்ணினேன்.

பயாஸ் இருக்கிறது எஸ்எஸ்டி-யில இல்ல. மதர்போர்டுல எட்டுக் கால் வச்ச ஒரு குட்டி ஃப்ளாஷ் சிப்ல, பெரும்பாலும் 16 எம்பி இல்லன்னா 32 எம்பி. பவர் பட்டன் அமுக்கினதும் ப்ராசஸர் ஓட ஆரம்பிக்கிறது அதுல உள்ள கோடைத்தான். ரேமைத் தயார் பண்ணி, டிஸ்க்கைத் தேடி, விண்டோஸ் கையில ஒப்படைக்கிறது வரைக்கும் அதோட வேலை. டிரைவர் அதுக்கப்புறம், விண்டோஸுக்குள்ள வர்றது. டிரைவர் சொதப்பினா சேஃப் மோடுல போய், டிவைஸ் மேனேஜர்ல 'ரோல் பேக்' கொடுத்தா பழசு திரும்பிடும். பயாஸ் சொதப்பினா ரோல் பேக் பட்டனைக் காட்டவே ஆள் இல்ல.

இந்த 16 எம்பி-க்கு ஒரு கதை உண்டு. பி450 போர்டுகளுக்கு 5000 சீரிஸ் சப்போர்ட் கிடையாதுன்னுதான் ஏஎம்டி 2020 மே மாசம் முதல்ல சொன்னாங்க. எல்லா ப்ராசஸரோட கோடும் அந்தச் சிப்புக்குள்ள அடங்காதுங்கிறது ஒரு காரணம். வாங்கினவங்க கொந்தளிச்சதும் அதே மாசம் முடிவை மாத்திக்கிட்டாங்க. அதனாலதான் சில போர்டுல புது பயாஸ் போட்டா ரொம்பப் பழைய ப்ராசஸர் சப்போர்ட் போயிடும். டவுன்லோட் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிற குறிப்பைப் படிங்க.

சரி, பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டி, பென்டிரைவ்ல ஃபைல் போட்டு ஃப்ளாஷ் ஆரம்பிச்சேன். பாதியில கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் இருக்கேன்னு தைரியமா இருந்தேன். லைட் கூட சரியா மினுக்கல, ஆனா கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிடுச்சு. வீட்டு இன்வெர்ட்டர் பலதுல யுபிஎஸ் மோடு, சாதா மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். சாதா மோடுல பேட்டரிக்கு மாற எடுக்கிற நேரம் டியூப்லைட்டுக்குப் பிரச்சினை இல்ல, கம்ப்யூட்டருக்கு அது ஜாஸ்தி. ஃப்ளாஷ் பண்றப்ப பழைய கோடை அழிச்சுட்டுத்தான் புதுசை எழுதும். நடுவுல நின்னா ரெண்டுமே இல்ல.

லேப்டாப்ல பேட்டரி இருக்கிறதால தப்பிச்சீங்க. ஆனா விண்டோஸ் அப்டேட் வழியாவே பயாஸ் வர்றது உண்டு. சார்ஜரை மாட்டி வைங்க. ஸ்க்ரீன் கறுப்பா நின்னாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீங்க.

அப்போ எப்பதான் பண்றது? புது ப்ராசஸர் போடறப்ப, செக்யூரிட்டி ஓட்டை அடைக்க, இல்ல தெரிஞ்ச கோளாறுக்கு. இன்டெல் 13, 14-வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் வச்சிருக்கிற ஹாஸ்டல் கேமர்ஸ் கவனிங்க. வோல்டேஜ் எகிறி ப்ராசஸர் கெடுற பிரச்சினைக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து வந்த திருத்தம் பயாஸ் வழியாத்தான் வந்துச்சு. ஏற்கனவே கெட்டதை அது சரிபண்ணாது, அதனால தள்ளிப்போடாதீங்க. மத்தபடி எல்லாம் நல்லா ஓடுதுன்னா, ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இதைத் தொடாதீங்க, ப்ளீஸ்.

பண்றதுன்னா, ரன் பாக்ஸ்ல எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சு போர்டு பேரும் பயாஸ் வெர்ஷனும் பாருங்க. போர்டு ஓரத்துல அச்சடிச்ச ரிவிஷன் நம்பரும் முக்கியம், அதே பேர்ல வேற ரிவிஷனுக்கு வேற ஃபைல் இருக்கலாம். ஃபைலை போர்டு கம்பெனி சைட்ல இருந்து மட்டும் எடுங்க. பிட்லாக்கர் இருந்தா சஸ்பெண்ட் பண்ணி, ரெக்கவரி கீயைப் பேப்பர்ல எழுதிக்கோங்க. பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி, விண்டோஸுக்குள்ள இருந்து இல்லாம பயாஸ் மெனுவுக்குள்ள இருந்தே ஃப்ளாஷ் பண்ணுங்க. 'ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டுன்னா ப்ராசஸர் இல்லாமலே முடியும், போர்டு வாங்கறப்ப அதைப் பாத்து வாங்குங்க.

முடிஞ்சதும் செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். ரேம் வேகம் குறைஞ்சிருக்கும், விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கும். டாக்கர் ஓடலன்னு அழறவங்க முதல்ல அதைப் பாருங்க. அப்புறம் சிப்செட் டிரைவர், லேன் டிரைவர். லேன் டிரைவரை மட்டும் முன்கூட்டியே பென்டிரைவ்ல வச்சுக்கோங்க, நெட் இல்லாம நெட் டிரைவரை எப்படி இறக்குவீங்க? ஒரே க்ளிக்ல எல்லா டிரைவரும் போடறேன்னு சொல்ற ஆப் பக்கம் போகாதீங்க.

சித்தப்பா கடை போர்டை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க ஒரு அண்ணன் சிப் மேல கிளிப் மாட்டி, சிஎச்341ஏ ப்ரோக்ராமர்ல நேரா எழுதிக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை. எஸ்எஸ்டி-யில இருந்த ஃபைல் ஒண்ணும் போகல. நாமே வீட்ல பண்ணலாமான்னு கேட்டேன். "பண்ணலாம் தம்பி, சிப் 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டான்னு பாக்காம மாட்டினா அதுவும் போயிடும்"னார். கடைக்குத் திரும்பினப்ப கிருத்திகை முடிஞ்சு, கூட்டம் ரயிலேறிடுச்சு.